படுத்துக்கொண்டே வந்த தாய்மாமன்

வளைகுடாவில் வருஷக்கணக்கில் ஏ.சி. ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவனுக்குக் கூடவே ஒரு வியாதியும் வந்து சேரும். மனிதன் செய்த எந்த இயந்திரமும் தன் கைக்கு அடங்காமல் போகாது என்று நினைப்பான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால், கூப்பிடுவதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்பான். (கூப்பிடாவிட்டாலும் போவான்.) எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. கீரனூரில் எங்கள் தெருவில் நான் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட முடியாமல் போன சாமான்கள் இன்றைக்கும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள்.

வியாதியோடு இடுப்பு வலியையும் கொண்டு வந்திருந்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பைக் ஓட்டாதீங்க. பின்னாலயும் ஒக்காராதீங்க. சைக்கிள் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டார். சைக்கிளை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து சைக்கிளில் திரிந்தவன் நான். அன்றிரவே போனை நோண்டி, சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ஓட்டுகிற சைக்கிள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல முதுகுக்குச் சாய்மானம் இருக்கு, ஓட்டிப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து நான் சொன்னது: "டாக்டர் இதைத்தான் கண்டிப்பா வாங்கணும்னுட்டாரு."

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் செய்து தருகிறார் என்று விசாரித்து வாங்கினேன். பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. நானே பூட்டினேன். சீட்டு தாழ்வாக, சாய்ந்து கிடக்கும். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். அதனால் செயின் மிக நீளம், நம் ஊர் சைக்கிள் இரண்டு மூன்றின் செயினை ஒட்டவைத்தது மாதிரி. அவ்வளவு நீளமான செயின் தொங்கிப்போகாமல் இருக்க, சீட்டுக்கு அடியில் சின்னப் பல்சக்கரம் ஒன்று. செயின் அதில் ஏறித்தான் பின்னால் போக வேண்டும்.

வண்டியைப் பார்க்கக் கந்தர்வக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வந்தார். என் தங்கச்சி தேவியின் வீட்டுக்காரர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லி ஆளைச் சாய்த்துவிடுவார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நான் அதில் படுத்துக் காலை நீட்டிக் காட்டினேன்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. காலை முன்னால நீட்டி, மல்லாக்கப் படுத்துக்கிட்டு ரோட்டுல போறது... நம்ம ஊர்ல ஆளாளுக்கு ஒரு தடவைதானே அப்படிப் போவாங்க?"

தெருவே சிரித்தது. என் மனைவி மல்லிகா சிரிக்கவில்லை. அவர் போனதும், "என்னங்க, ஒங்க மாப்பிள்ளைக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா? இந்த வண்டிக்குப் பூசை போடாம நீங்க தெருமுக்கைத் தாண்டக் கூடாது" என்றாள். எல்லாக் கூத்தும் அந்தப் பூசையில்தான் ஆரம்பித்தது.

பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூசாரி எலுமிச்சம்பழம் வைத்தார், முன்சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம், பின்சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்து, "இது என்ன தம்பி, குட்டியா ஒண்ணு?" என்று கேட்டுவிட்டார். யாராவது என்னிடம் இயந்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் நான் சும்மா இருப்பேனா? செயின் எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று பாடம் நடத்தி, "மத்த ரெண்டு சக்கரமும் சும்மா சாமி. இதுதான் வண்டிக்கு உசுரு" என்று முடித்தேன்.

"அப்படியா? அப்ப உசுருக்கு நல்லாவே வச்சிருவோம்" என்று பூசாரி ஒரு கைச் சந்தனத்தை எடுத்து அந்தக் குட்டிச் சக்கரத்தில் அப்பினார். அதன் மேல் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. போன் எடுத்துப் படம்கூடப் பிடித்தேன்.

மறுநாளிலிருந்து வண்டி 'தடக் தடக்' என்றது. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் செயின் துள்ளியது. இன்னும் அழுத்தினால் கழன்று விழுந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்! ரிப்பேர் வந்துவிட்டதல்லவா? பெடல் மாட்டியிருக்கும் முன்கம்பியைத் தளர்த்தி நீட்டினேன், பிறகு குறுக்கினேன். கியர் கம்பியை இழுத்துக் கட்டினேன், தளர்த்தினேன். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். சீட்டைக்கூடக் கழற்றினேன். (சீட்டுக்கும் செயினுக்கும் என்ன சம்பந்தம் என்று மல்லிகா கேட்டாள். "ஒனக்குச் சொன்னா புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை.) செயினில் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். சத்தம் ஒரு நாள் அடங்கியது, மறுநாள் இரண்டு மடங்காக வந்தது.

இவ்வளவும் பார்த்தவன் அந்தக் குட்டிச் சக்கரத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதும் பொய். ஒவ்வொரு தடவையும் துணியால் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே வந்து, அந்தச் சந்தனத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பயபக்தியோடு சுற்றிக்கொண்டு போனேன். சாமி பொட்டு தானாக உதிர வேண்டும், கை வைத்துத் துடைக்கக் கூடாது என்பது மல்லிகாவின் கட்டளை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. வளைகுடாவில் ராட்சச ஏ.சி.யை அக்கு அக்காகப் பிரித்தவன், ஒரு சந்தனப் பொட்டைத் தாண்ட முடியாமல் நின்றேன்.

இந்தச் சமயத்தில்தான் தேவி போன் செய்தாள். சின்னவள் யாழினிக்குக் காதுகுத்து. மாப்பிள்ளையின் குலதெய்வம் அய்யனார் கோயிலில், வெள்ளிக்கிழமை காலையில். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும்.

காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது எங்களுக்குத் தெரிந்த சங்கதி, வாதாட்டமே கிடையாது. மாமன் இல்லை என்றால் மாமன் முறையில் இன்னொருவன் உட்காருவான். மூத்தவளுக்குக் காது குத்தும்போது நான் வெளிநாட்டில் இருந்தேன். லீவு கொடுக்கவில்லை. என் சித்தப்பா மகன் ரவிதான் மடி கொடுத்தான். ரவி தங்கமான பையன், அவன் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு மொட்டை மாடியில் நின்று போனில் அதைப் பார்த்தேன். பிள்ளை வீறிட்டு அழுததும் ரவி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. அழுதேன். அழுதுவிட்டு, வெயிலில் கண் கூசுகிறது என்று கூட இருந்தவனிடம் சொன்னேன்.

தேவிக்கு இரண்டே பிள்ளைகள். இது போனால் எனக்கு வேறு காது கிடையாது.

இவ்வளவு முக்கியமான நாளில் ஒழுங்கான மனிதன் என்ன செய்வான்? குடும்பத்தோடு வேனில் ஏறுவான். தேவியும் அதைத்தான் சொன்னாள். "அண்ணே, வேன்லயே வந்துருண்ணே. அந்தக் கட்டிலைத் தூக்கிக்கிட்டு வராத."

பின்னால் மாப்பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்துவிட்டது.

"ஒன் புருஷன்கிட்ட சொல்லு. தாய்மாமன் படுத்துக்கிட்டேதான் வருவான். எல்லாருக்கும் முன்னால வந்து நிப்பான்."

வீம்புக்கு வேட்டி கட்டினால் அது என்னைப் போலத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் கிளம்பினேன். சீர்த்தட்டு, தோடு, என் பட்டு வேட்டி எல்லாம் மல்லிகாவோடு வேனில் வரும். நான் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக வண்டியில் சாய்ந்தேன். காற்று ஜில்லென்று இருந்தது. கண்ணுக்கு நேரே வானம். பால்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு நாய் குரைப்பதற்கு வாயைத் திறந்தது, எதைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டது. நான் ராஜா மாதிரி போனேன், முதல் மேடு வரைக்கும்.

மேட்டில் அழுத்தினேன். செயின் விழுந்தது. மாட்டினேன். அடுத்த மேடு, விழுந்தது. மாட்டினேன். பிறகு சமதரையிலும் விழ ஆரம்பித்தது. வெயில் ஏறியது. எங்கள் வேன் என்னைத் தாண்டிப் போனது. மல்லிகா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏறிருங்களேன்!" என்று கத்தினாள். "நீ போ, இந்தா வாரேன்!" என்று கையாட்டினேன். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

முந்திரிக்காடு தொடங்குவதற்கு முன்னால் ஒரு கண்மாய். அதன் வரத்துவாய்க்காலில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரியாக அவர்களுக்கு எதிரில் செயின் மறுபடி விழுந்தது. நான் படுத்தபடியே கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டேன்.

"ஆத்தாடி! யாரோ அடிபட்டுக் கெடக்கான் பாருங்கடி!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் முகத்தில் தண்ணீரை அடித்தாள். இன்னொருத்தி என் காலைப் பிடித்துத் தூக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா! இது சைக்கிளு! இதை இப்படித்தான் ஓட்டணும்!"

"இப்படியா? ஒக்காந்து ஓட்டத் தெம்பில்லன்னா வீட்டுல கெடக்கலாமுல்ல?" என்றாள் தண்ணீர் அடித்தவள்.

அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி என்று தெரிந்தது. பெயர் சின்னப்பொண்ணு. நான் காதுகுத்து விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "அடப்பாவி மனுசா, தாய்மாமனா நீயி? காதுகுத்தை வச்சுக்கிட்டு இங்க படுத்துக் கெடக்கியே!" என்று திட்டினாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், எங்க இருக்கீங்க? பைக் அனுப்பட்டா?"

பைக்கில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இடுப்பு ஞாபகமே வரவில்லை என்பதும் உண்மை. "வேணாம் மாப்ள. பக்கத்துல வந்துட்டேன்" என்றேன். சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, கடைசியாக ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். மல்லாந்து மேலே பார்க்கிறேன். கண்ணுக்கு நேரே அந்தக் குட்டிச் சக்கரம்.

அதில் பல் இல்லை.

பல் இருக்கிற இடமெல்லாம் சந்தனம். பூசாரி அப்பியது காய்ந்து, நான் ஊற்றிய தேங்காய் எண்ணெயில் ஊறி, ரோட்டுத் தூசியைச் சேர்த்துக்கொண்டு, சிமென்ட் பூசியது மாதிரி பள்ளமெல்லாம் அடைத்துக் கிடந்தது. செயின் உட்காரப் பள்ளம் இருந்தால்தானே உட்காரும்? எத்தனை நாள் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறேன்! அங்கேயே ரோட்டில் படுத்தபடி என்னையே வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். திட்டும் மன்னிப்பும் கலந்துவிட்டதில், எது யாருக்கு என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒரு ஊக்கு இருந்தா குடுங்க."

சின்னப்பொண்ணு வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். செயினின் இணைப்பைப் பிரித்து முழுசாக உருவி எடுத்தேன். கோயிலில் பூசை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே ஊக்கால் பல் பல்லாகச் சுரண்டினேன். சுரண்டியது கீழே விழப் போனபோது அவள் கத்தினாள். "ஏய்! கோயில் சந்தனமுன்னு சொல்ற, காலடியில போடுறியே!" முந்தானையை ஏந்திப் பிடித்தாள். கடைசித் துளி வரைக்கும் வாங்கிக்கொண்டாள். தேங்காய் எண்ணெயும் தார்த்தூசியும் கலந்த அந்தக் கறுப்புச் சந்தனத்தை அத்தனை பெண்களும் பக்தியாக நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று வைத்துவிட்டார்கள்.

சக்கரம் பளிச்சென்று ஆனது. இனிச் செயினைக் கோர்க்க வேண்டியதுதான். ஒருத்தி பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள், ஒருத்தி செயினின் ஒரு முனையைப் பிடித்தாள். "பாவாடை நாடா கோக்குறதுதானே, விடுய்யா" என்றாள் சின்னப்பொண்ணு. கோர்க்கிற நேரத்தில் தேவி போன். ஒரு கையில் செயின், ஒரு கையில் போன்.

"அண்ணே, எங்கண்ணே இருக்க?" அவள் குரலே சரியில்லை. "எங்க மாமியா நேரம் போகுதுங்குறாக. ரவி அண்ணனை வேட்டி கட்டச் சொல்லிட்டாக. நான் என்ன பண்ணட்டும்? இந்தத் தடவையும் நீ இல்லையா?"

அவள் கோபமாகக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் மறைக்க, எது மேலே எது கீழே என்று பார்க்காமல் செயினைக் கோர்த்து இணைப்பைப் போட்டேன். ஏறிச் சாய்ந்தேன். மிதித்தேன்.

பெடல் சுற்றியது. வண்டி நகரவில்லை.

வேகமாக மிதித்தேன். கால் ஜோராகச் சுற்றியது. பின்னால் 'கிர்ர்ர்' என்று சும்மா சத்தம் மட்டும் வந்தது. வண்டி அய்யனார் கோயில் குதிரை மாதிரி அசையாமல் நின்றது. பெண்கள் என் காலையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி பிரிக்க நேரமில்லை, மறுபடி கோர்க்கக் கையில் தெம்பில்லை. என் வாய்க்கொழுப்பால் இரண்டாவது பிள்ளையின் காதுகுத்தையும் இழந்தேன். முதல் தடவை முதலாளி லீவு தரவில்லை. இந்தத் தடவை யாரைச் சொல்ல?

வந்த ஆத்திரத்தில் பெடலைப் பின்பக்கமாக ஓங்கி உதைத்தேன்.

வண்டி முன்னால் பாய்ந்தது!

பாய்ந்த வேகத்தில் கால்மாட்டில் நின்றவள் ஒதுங்கிக் குதித்தாள். பிரேக் பிடித்து நிறுத்தினேன். முன்பக்கமாக மிதித்தேன், 'கிர்ர்ர்'. பின்பக்கமாக மிதித்தேன், வண்டி முன்னால் ஓடியது. சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். மேலே போக வேண்டிய செயினைக் கீழேயும், கீழே போக வேண்டியதை மேலேயும் விட்டிருக்கிறேன். லைசென்ஸுக்கு எட்டுப் போடுவார்களே, அதுபோல நடுவில் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தது. அதனால் எல்லாம் தலைகீழ். ஏ.சி. மெக்கானிக் கோர்த்த லட்சணம்!

"போய்யா! எப்படிப் போனா என்ன, போகுதுல்ல? போ!" என்று சின்னப்பொண்ணு முதுகுச் சாய்மானத்தில் ஒரு தள்ளு தள்ளினாள். பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. நூறு நாள் வேலை அன்றைக்கு எவ்வளவு நடந்தது என்று எனக்குத் தெரியாது, குலவை மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

பின்னால் மிதித்து முன்னால் போவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும். (ஓட்டினவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.) புத்தி 'பின்னால, பின்னால' என்று சொல்லும். அவசரம் வந்ததும் கால் பழக்கத்தில் முன்னால் சுற்றிவிடும். உடனே 'கிர்ர்ர்'. எதிரே ஒரு மினி பஸ் வந்தது. டிரைவர் என் காலைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், பஸ்ஸை ஓரம்கட்டி நிறுத்திக் கண்ணைக் கசக்கினார். எனக்கு அவரைப் பார்த்துப் பரிதாபப்பட நேரமில்லை. "பின்னால, பின்னால" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். செயின் குறுக்கே உரசிக் கறகறவென்று அழுதது. ஆனால் விழவில்லை. ஒரு தடவைகூட விழவில்லை!

முந்திரிக்காட்டு மண்பாதை திரும்பியதும் மேளச் சத்தம் கேட்டது. கோயில் தெரிந்தது. மரத்தடியில் கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் மணையில் ரவி, புது வேட்டியில். அவன் மடியில் யாழினி. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. மேளம் நின்றுவிட்டது.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. அவர்கள் பார்த்தது இது: நெற்றியில் கறுப்புச் சந்தனம், முகமெல்லாம் கிரீஸ், வெள்ளைச் சட்டை கறுப்பாக, காலை முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டு, காலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, முன்னால் வேகமாக வந்துகொண்டிருக்கிற தாய்மாமன். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஏன் கும்பிட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மச்சான்! காலு பின்னால போகுது, வண்டி முன்னால வருது!" மாப்பிள்ளை முதல் தடவையாகச் சிரிப்பதை மறந்து நின்றார்.

யாழினிதான் முதலில் சிரித்தாள். கைகொட்டிச் சிரித்தாள். ரவி மடியிலிருந்து நழுவி, "மாமா!" என்று ஓடி வந்தாள். ரவி எழுந்து நின்று மணையைக் காட்டி, "வாங்கண்ணே, சீக்கிரம் வாங்க. நான் சும்மா எடம்தான் புடிச்சு வச்சிருந்தேன்" என்றான். தங்கமான பையன் என்று முன்பே சொன்னேன்.

நான் இறங்கப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு அங்குலம் அசையவில்லை. தேவியின் மாமியார் மணியைப் பார்த்து, "பத்தரை ஆகப் போகுது! யாராவது ஒக்காருங்கப்பா!" என்று சத்தம் போட்டார்.

அப்போது மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். அதற்காக அவர் இதுவரை என்னைச் செய்த கேலி அத்தனையையும் மன்னித்துவிட்டேன். "மச்சான், எறங்காதீங்க! அப்படியே இருங்க!" என்று பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். மல்லிகாவிடமிருந்து பட்டு வேட்டியை வாங்கி, பேன்ட்டுக்கு மேலேயே என் இடுப்பில் சுற்றினார்.

"கிழக்க பார்த்து இருக்கணும்" என்றார் அய்யனார் கோயில் பூசாரி.

நாலு பேர் வண்டியை என்னோடும் பிள்ளையோடும் சேர்த்து அலாக்காகத் தூக்கிக் கிழக்கே திருப்பி வைத்தார்கள். ரவி பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான், மாப்பிள்ளை முன்னால் பிடித்துக்கொண்டார். ஆசாரி குனிந்து, "நல்ல ஒசரமா, வாகா இருக்கு" என்றார். ஊசி இறங்கியது. ஒரு காது. மறு காது. யாழினி அழவில்லை. அவள் என் கன்னத்துக் கிரீஸைத் தொட்டுத் தன் மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதது நான்தான். இந்தத் தடவை வெயில் மேல் பழி போடவில்லை. தேவி வந்து என் தலையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "வந்துட்டியேண்ணே" என்றாள். மேளம் மறுபடி கொட்டியது.

ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. யாழினியின் பட்டுப்பாவாடையில் என் அஞ்சு விரலும் கறுப்பாகப் பதிந்திருக்கும். தேவி அதை இன்னும் வெளுக்கவில்லை.

வண்டி செயினை மறுநாளே சரியாகக் கோர்த்துவிட்டேன். இப்போது ஒழுங்காக முன்னால் மிதித்து முன்னால்தான் போகிறேன். ஆனால் அதை யார் நம்புகிறார்கள்? வீட்டில் எது நின்றுபோனாலும், தண்ணீர் மோட்டாரோ டிவியோ, "மாமாவைக் கூப்பிடு, பின்னால மிதிச்சுப் பார்ப்பாரு" என்கிறார்கள். இதைவிடப் பெரிய கூத்து, எங்கள் வகையறாவில் காதுகுத்து என்றால் என் வண்டியைத்தான் மணையாகக் கேட்கிறார்கள். போன மாதம் ரவியின் மகனுக்குக் காதுகுத்து. அவன் மச்சினன் நல்ல திடகாத்திரமான ஆள், இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. அவனும் அந்தச் சீட்டில் சாய்ந்து படுத்துத்தான் மடி கொடுத்தான். கேட்டால், அதில் குத்தினால் பிள்ளை அழாதாம்.

எந்த விசேஷத்துக்கும் மாப்பிள்ளை முதல் நாள் போன் செய்துவிடுவார். எடுத்ததும் அதே கேள்விதான்.

"மச்சான், நாளைக்கு எப்படி வாரீங்க? முன்னாலயா, பின்னாலயா?"

நானும் சளைக்காமல் சொல்வேன். "எங்கிட்டுக்கூடி மிதிச்சா என்ன மாப்ள? புள்ள என் மடியிலதானே ஒக்காந்துச்சு!"